தலைப்பு இருக்கிறது, கேள்வி எங்கே?
(அத்தியாயம் 3: ஆய்வுக் கேள்வியும் மையக் கூற்றும்)

"அரியலூர் மாவட்டத்தில் சிமெண்ட் ஆலைகளின் தாக்கம் – ஓர் ஆய்வு." "கலிங்கத்துப்பரணி – ஓர் ஆய்வு." "பெரம்பலூர் மாவட்ட மக்காச்சோள விவசாயிகளின் பிரச்சினைகள் – ஓர் ஆய்வு." இளங்கலை இறுதியாண்டிலோ முதுகலையிலோ திட்டக் கட்டுரை எழுதப்போகும் மாணவர் நெறியாளரிடம் முதலில் நீட்டும் தாளில் பெரும்பாலும் இப்படி ஒரு வரிதான் இருக்கும். நெறியாளரும் கையெழுத்துப் போட்டுவிடுவார். சில மாதம் கழித்து அந்தக் கட்டுரை பைண்டிங் ஆகி வரும்போது அதில் சிமெண்ட் தயாராகும் முறை பத்துப் பக்கம், மாவட்ட வரலாறு பத்துப் பக்கம், வினாப்படிவத்திலிருந்து வரைந்த வட்ட விளக்கப்படங்கள் இருபது பக்கம், கடைசியில் "அரசு உரிய நடவடிக்கை எடுக்க வேண்டும்" என்று முடிவுரை. அந்த மாணவர் உழைக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. வெயிலில் ஊர் ஊராக அலைந்திருக்கிறார். ஆனால் எதைத் தெரிந்துகொள்ள அலைந்தார் என்பது அவருக்கே தெளிவாகவில்லை.

அந்தத் தெளிவை அலைவதற்கு முன்பே எப்படி உண்டாக்கிக்கொள்வது என்பதைப் பற்றியது இந்த அத்தியாயம். அதற்கு ஒரே ஊரை எடுத்துக்கொண்டு கடைசிவரை அதையே பிடித்துக்கொண்டு போகலாம் என்று நினைக்கிறேன். அந்த ஊர் ரெட்டிபாளையம்.

ரெட்டிபாளையத்தில் தொடங்குவோம்

அரியலூரிலிருந்து ஜெயங்கொண்டம் போகும் வழியில், வி.கைகாட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது ரெட்டிபாளையம். சிமெண்ட் ஆலையும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் லாரிகளும் அந்தப் பகுதியின் அன்றாடம். அதற்குக் காரணம் மண்ணுக்கடியில் இருக்கிறது. கிரெட்டேசியஸ் காலத்தின் பிற்பகுதியில், அதாவது ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகள் முன்னிருந்து 6.6 கோடி ஆண்டுகள் முன்வரை, இந்த நிலம் கடலுக்குள் போய்வந்தது. அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புப் படிவுகள்தான் இன்று மூட்டையாகிப் போகின்றன. இங்குள்ள பாறை அடுக்குகளை 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆராய்ந்த எச்.எஃப்.பிளான்ஃபோர்டு அவற்றை உட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். நிலவியல் மாணவர்கள் இன்றும் அந்தப் பெயர்களைப் படிக்கிறார்கள்.

இந்தப் பகுதியிலிருந்து கல்லூரிக்கு வரும் ஒரு மாணவி தன் நெறியாளரிடம் பேசுவதாக வைத்துக்கொள்வோம்.

"சார், சுரங்கம் வந்ததுக்கப்புறம் ஊர்ல தண்ணி போச்சு. அதைப் பத்தி எழுதலாம்னு இருக்கேன்."

"எந்த ஊர்லம்மா?"

"எங்க ஊர்லதான் சார். சுத்துப்பட்டு எல்லா ஊர்லயும்."

"தண்ணின்னா குடிதண்ணியா, கிணத்துத் தண்ணியா?"

"கிணறு சார். எங்க தாத்தா காலத்துல குனிஞ்சா மோந்துக்கலாமாம்."

"தாத்தா காலம்னா எந்த வருஷம்?"

"அது… கேட்டுட்டு வரேன் சார்."

இதுதான் தொடக்கம். "கேட்டுட்டு வரேன்" என்று அவள் சொன்ன இடத்தில்தான் ஆய்வு பிறக்கிறது. தனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது, அது தெரிந்தாக வேண்டியது, அதைக் கேட்க ஓர் ஆள் இருக்கிறார்: மூன்றும் ஒரே நொடியில் அவளுக்குப் புரிகின்றன. கேள்வி உருவாகும்போது உங்களுக்குள் இது நடக்கிறதா என்று பாருங்கள். நடக்கவில்லை என்றால் உங்களிடம் இருப்பது இன்னும் தலைப்புதான்.

அவள் கொண்டுவந்த ஆதங்கத்தை நெறியாளர் ஒதுக்கித் தள்ளவில்லை என்பதையும் கவனியுங்கள். "உணர்ச்சிவசப்படாதே, நடுநிலையாக இரு" என்று முதல் நாளே மாணவரை அடக்குவது பெரிய தவறு. சொந்த ஊரைப் பற்றிய கவலை ஆய்வுக்கு நல்ல எரிபொருள். ஆனால் கவலை ஒரு முடிவோடு வருகிறது: "சுரங்கம் வந்தது, தண்ணீர் போனது." அந்த முடிவைச் சரிபார்க்கத்தக்க கேள்வியாகத் திருப்ப வேண்டும். அது உண்மையாக இருக்கலாம், பாதி உண்மையாக இருக்கலாம், சில கிணறுகளில் உண்மையாகவும் சிலவற்றில் நேர்மாறாகவும் இருக்கலாம்.

எங்கே, எப்போது, எதோடு ஒப்பிட்டு

"சுற்றுவட்டாரம் முழுவதும்" என்பதை இரண்டு ஊர்களாகச் சுருக்குங்கள். ஒன்று சுரங்கத்தை ஒட்டியது. மற்றது அதே வகைப் பாறையும் மண்ணும் உள்ள, ஆனால் சுரங்கத்திலிருந்து தள்ளி இருப்பது. இந்த இரண்டாவது ஊரை மாணவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். ஒரே ஊரில் கிணறு வற்றியதைக் காட்டினால், மழை குறைந்ததால் வற்றியதா, எல்லோரும் ஆழ்துளைக் கிணறு போட்டதால் வற்றியதா, சுரங்கத்தில் நீரை இறைத்து வெளியேற்றியதால் வற்றியதா என்று பிரித்துப் பார்க்க வழியே இருக்காது.

ஒப்பிடும் ஊரைத் தேர்ந்தெடுப்பதில் அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. பெரம்பலூர் மாவட்டத்தின் மேற்குப் பகுதி கடினப் பாறை நிலம். அங்கே நீர் பாறை வெடிப்புகளில் தங்குகிறது. அரியலூர்ப் பக்கம் படிவுப் பாறை. ஜெயங்கொண்டத்தை நோக்கிப் போகப்போக இன்னும் இளைய மணற்கல் அடுக்குகள் வருகின்றன. எனவே பெரம்பலூருக்கு மேற்கே உள்ள ஒரு கிணற்றையும் ரெட்டிபாளையத்துக் கிணற்றையும் அருகருகே வைத்து "பாருங்கள் வித்தியாசத்தை" என்று எழுதினால், நிலவியல் தெரிந்த ஒரு தேர்வாளர் வாய்மொழித் தேர்வில் ஒரே கேள்வியில் கட்டுரையை நிறுத்திவிடுவார். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் மாவட்ட வரைபடத்தை ஒருமுறை பார்த்துவிட்டு ஊரைத் தேர்ந்தெடுங்கள்.

கால எல்லையிலும் கவனம் வேண்டும். 2015இல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட மிக அதிகமாகப் பெய்தது. அடுத்த ஆண்டே, 2016இல், அது இயல்பிலிருந்து அறுபது விழுக்காட்டுக்கும் மேல் குறைந்து கடும் வறட்சி வந்தது. 2015ஐத் தொடக்கமாகவும் 2017ஐ முடிவாகவும் எடுத்துக்கொண்டால் எந்த ஊரிலும் நீர்மட்டம் சரிந்ததாகத்தான் காட்டும். நல்ல மழை ஆண்டும் மோசமான ஆண்டும் பலமுறை வந்துபோகும் அளவுக்கு நீளமான காலம் தேவை. 2005 முதல் 2020 வரை என்பது போதுமான அளவு.

நீளமான காலம் எடுத்தால் இன்னொரு சிக்கல் எதிர்ப்படும். பெரம்பலூர் 1995இல்தான் திருச்சிராப்பள்ளியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. அரியலூர் 2001இல் பெரம்பலூரிலிருந்து பிரிந்தது, 2002இல் மீண்டும் அதோடு சேர்ந்தது, 2007 நவம்பரில் மறுபடியும் தனி மாவட்டமானது. ஆகவே "அரியலூர் மாவட்டத்தில் 1990 முதல்" என்று எழுதும்போது எந்த எல்லைக்குள் உள்ள எண்ணிக்கை என்று கேட்டுக்கொள்ளுங்கள். மாவட்ட அளவிலான பயிர்ப் பரப்பு, பாசனப் பரப்பு எண்களை ஒரே வரிசையில் அடுக்கினால் 2002லும் 2007லும் கோடு திடீரென்று குதிக்கும். அதைப் பார்த்து விவசாயம் அழிந்தது என்றோ செழித்தது என்றோ எழுதிவிடும் ஆபத்து உண்டு. வட்டம் அல்லது கிராம அளவில் எண்களை எடுத்தால் இந்தக் குழப்பம் வெகுவாகக் குறையும்.

இத்தனையும் சேர்ந்து அந்த மாணவியின் கேள்வி இப்படி மாறுகிறது: "2005 முதல் 2020 வரை, சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்கு அருகிலுள்ள ரெட்டிபாளையம் பகுதித் திறந்தவெளிக் கிணறுகளின் நீர்மட்டம், அதே பாறை வகையைச் சேர்ந்த, சுரங்கம் இல்லாத ஒரு கிராமத்தின் கிணறுகளிலிருந்து எவ்வாறு வேறுபட்டது, ஏன்?"

நீளமான கேள்வி. அழகாக இல்லை. ஆனால் இதில் உள்ள ஒவ்வொரு சொல்லும் நாளைக் காலையில் என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறது.

கேள்விக்குச் சான்று எங்கே இருக்கிறது

எவ்வளவு நல்ல கேள்வியானாலும், பதிலுக்கான சான்று உங்கள் கை எட்டும் தூரத்தில் இல்லையென்றால் அது இந்த ஆண்டுக்கான கேள்வி ஆகாது. கேள்வியை உறுதி செய்யும் முன்பே, இரண்டு வாரம் சான்று தேடிப் பாருங்கள்.

மத்திய நிலத்தடி நீர் வாரியம் தன் கண்காணிப்புக் கிணறுகளில் ஆண்டுக்கு நான்கு முறை நீர்மட்டம் அளக்கிறது. மாநில நீர்வளத் துறையும் தனியே அளக்கிறது. உங்கள் ஊருக்கு மிக அருகில் உள்ள கண்காணிப்புக் கிணறு எது என்று முதலில் கண்டுபிடியுங்கள். அது பத்துக் கிலோமீட்டர் தள்ளி இருந்தால் உங்கள் கேள்வி மாற வேண்டியிருக்கும். சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற சுரங்கங்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை இணக்க அறிக்கை தர வேண்டும். அனுமதி கேட்கும்போது தாக்கல் செய்யும் தாக்க மதிப்பீட்டு அறிக்கையில் அன்றைய நீர்மட்டம் பதிவாகியிருக்கும், பொது விசாரணைக் கூட்டத்தில் ஊர்மக்கள் பேசியது நடவடிக்கைக் குறிப்பில் இருக்கும். இவற்றில் பலவற்றை மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் தேடலாம். பொது விசாரணைக் குறிப்பை எந்த மாணவரும் தவறவிடக் கூடாது என்பேன். தாத்தாக்கள் சொன்னது தேதியோடு அரசு ஆவணத்தில் ஏறிய அரிய இடம் அது.

கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் இருக்கிறது. எந்த சர்வே எண்ணில் எந்தப் போகத்தில் என்ன பயிர், எந்தப் பாசனம் என்று அதில் தெரியும். நெல்லிலிருந்து மக்காச்சோளத்துக்கும் பருத்திக்கும் மாறிய ஆண்டு அதில் பிடிபடலாம். கேட்டுக் கிடைக்காத ஆவணத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இருக்கிறது. பத்து ரூபாய் கட்டணத்தில் மனு போடலாம், முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். அந்த முப்பது நாளையும், மேல்முறையீடு தேவைப்பட்டால் அதற்கான காலத்தையும் உங்கள் அட்டவணையில் சேர்த்துக்கொள்ளுங்கள். பிப்ரவரியில் மனுப் போட்டு மார்ச்சில் கட்டுரை தருவது நடக்காது.

பிறகு மனிதர்கள். "சுரங்கத்தால் உங்கள் கிணறு வற்றியதா?" என்று வினாப்படிவத்தில் அச்சடித்துக் கொண்டுபோனால் ஆமாம் என்றுதான் பதில் வரும். அந்தப் பதிலை வைத்து எதையும் நிறுவ முடியாது. "இந்தக் கிணற்றைக் கடைசியாக எப்போது தூர்வாரினீர்கள், எப்போது ஆழப்படுத்தினீர்கள், போர் எப்போது போட்டீர்கள், எத்தனை அடி?" என்று கேளுங்கள். வருஷம் நினைவில்லை என்பார்கள். "பெரியவள் கல்யாணத்துக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள். போர் போட்ட பில்லோ மின் இணைப்பு வாங்கிய தேதியோ பல வீடுகளில் பத்திரமாக இருக்கும். இருபது கிணறுகளின் ஆழப்படுத்திய வரலாறு, நூறு பேரின் கருத்தைவிட உங்கள் கேள்விக்கு உதவும்.

முன்பு இதே துறையில் யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்பதை சோத்கங்கா தளத்தில் உள்ள ஆய்வேடுகளில் பாருங்கள். அங்கே மற்றவர்கள் சொன்ன பதிலைவிட, அவர்கள் கேட்காமல் விட்டது எது என்பதுதான் உங்களுக்கு முக்கியம்.

கேள்வியைச் சோதிக்கும் ஒரே வழி

கேள்வி நன்றாக இருக்கிறதா என்று பார்க்கப் பல சோதனைகளைச் சொல்வார்கள். நான் ஒன்றைத்தான் நம்புகிறேன்: உங்கள் கேள்விக்கு, அறிவுள்ள இரண்டு பேர் சான்றோடு சொல்லக்கூடிய, ஒன்றோடொன்று மோதும் இரண்டு பதில்களை எழுதிப் பாருங்கள். இரண்டையும் எழுத முடிந்தால் அது ஆய்வுக் கேள்வி.

ரெட்டிபாளையம் கேள்விக்கு எழுதிப் பார்ப்போம். ஒரு பதில்: ஆழமாகத் தோண்டி நீரை வெளியே இறைத்ததால் அருகிலுள்ள கிணறுகளின் நீர் குழியை நோக்கி வடிந்தது, மட்டம் சரிந்தது. இன்னொரு பதில்: வேலை முடிந்து கைவிடப்பட்ட குழிகளில் மழைநீர் தேங்கி, பக்கத்துக் கிணறுகளுக்கு ஊற்றாக மாறியது. சரிவுக்குக் காரணம் பெருகிவிட்ட ஆழ்துளைக் கிணறுகளும் பயிர் மாற்றமும்தான். இரண்டும் நடக்கக்கூடியவை. ஒரே ஊரில், ஓடும் சுரங்கத்தின் பக்கம் ஒன்றும், கைவிட்ட குழியின் பக்கம் மற்றதும் நடக்கக்கூடும். அப்படியானால் இந்தக் கேள்விக்காகச் செலவிடும் நாட்கள் வீண்போகாது.

"சுரங்கம் இயற்கையைப் பாதிக்கிறதா?" என்பதற்கு ஒரே பதில்தான். "விவசாயிகளுக்கு அரசு உதவ வேண்டுமா?" என்பது மேடைக்கான கேள்வி. வேண்டும், கூடாது என்ற சொற்கள் கேள்வியில் இருந்தால், அதற்கு அடியில் எந்த உண்மை தெரியாமல் இருக்கிறது என்று தோண்டிப் பாருங்கள். உதவ வேண்டுமா என்பதற்குக் கீழே, 2018இல் அமெரிக்கப் படைப்புழு மக்காச்சோளத்தை அழித்த பிறகு கிடைத்த நிவாரணம் குத்தகைக்கு உழுதவர் கைக்குப் போனதா, பட்டாதாரர் கைக்குப் போனதா என்ற கேள்வி புதைந்திருக்கும். அதைக் கேளுங்கள்.

மையக் கூற்று: கல்லமேடு சொல்லும் பாடம்

கேள்விக்கு உங்கள் சான்று தரும் பதிலை ஒரே வாக்கியமாக, மறுக்கத்தக்க வடிவில் சொல்வது மையக் கூற்று. கட்டுரை முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தைத் தாங்குவதற்காக நிற்கிறது. அந்த வாக்கியம் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதைச் சான்றுதான் முடிவு செய்ய வேண்டும். ஆசை முடிவு செய்யக் கூடாது. இதை விளக்க அரியலூர் மாவட்டத்திலேயே உலகம் அறிந்த ஓர் எடுத்துக்காட்டு கிடைக்கிறது.

கல்லமேடு என்ற ஊருக்கருகே கிடைத்த பெரிய எலும்புப் படிவங்களை பி.யாதகிரி, கே.அய்யாசாமி ஆகிய இருவரும் 1980களின் கடைசியில் விவரித்து, புருஹத்காயோசாரஸ் என்று பெயரிட்டார்கள். இடுப்பெலும்பு, தொடையெலும்பின் ஒரு பகுதி, ஏறத்தாழ இரண்டு மீட்டர் நீளமுள்ள கீழ்க்கால் எலும்பு ஆகியவை அதில் இருந்தன. முதலில் அதை ஊன் உண்ணும் டைனோசர் வகையில் வைத்தார்கள். பின்னர் அது நீண்ட கழுத்துடைய, தழை உண்ணும் சௌரோபாடு வகை என்ற கருத்து வலுத்தது. வெளியான கோட்டோவியங்கள் போதுமானவையாக இல்லாததால், இது எலும்பே இல்லை, கல்லான மரத்துண்டாக இருக்கலாம் என்றுகூடச் சிலர் ஐயப்பட்டார்கள். அந்த ஐயத்துக்கு அடிப்படையும் இருந்தது: இந்தப் பகுதியில் கல்மரங்கள் உண்டு, பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் கிடக்கும் கல்மரம் ஏறத்தாழ 18 மீட்டர் நீளம். திரும்ப எடுத்துப் பார்த்துவிடலாம் என்றால் எலும்புகள் இல்லை. அவை சிதைந்து அழிந்துவிட்டன என்று 2017இல் தெரியவந்தது. 2022இல், தோண்டியபோது எடுத்த பழைய புகைப்படங்களை அய்யாசாமியும் இன்னொரு ஆய்வாளரும் வெளியிட்டார்கள். 2023இல் அந்த உயிரினத்தின் எடை நூறு டன்னைத் தாண்டியிருக்கலாம் என்ற மதிப்பீடும் வந்தது.

இதைப் பற்றிக் கட்டுரை எழுத விரும்பும் நிலவியல் மாணவர் முதலில் எழுதும் கூற்று எதுவாக இருக்கும்? "உலகிலேயே மிகப்பெரிய டைனோசர் அரியலூரில் வாழ்ந்தது." படிக்கும்போது நெஞ்சு நிமிர்கிறது. ஆனால் எலும்பே கையில் இல்லாத நிலையில் இதைத் தாங்க ஒரு மாணவரால் முடியாது. எந்தத் தேர்ந்த ஆய்வாளரும் இதை இப்படி நேராகச் சொல்லத் தயங்குவார்.

அவர் அஞ்சிப் பின்வாங்கினால் எழுதுவது: "புருஹத்காயோசாரஸ் பற்றிப் பல கருத்துகள் உள்ளன." இதை யாரும் மறுக்க மாட்டார்கள். மறுக்க இதில் ஒன்றும் இல்லை. தமிழ்நாட்டில் எழுதப்படும் திட்டக் கட்டுரைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டாவது வகைக் கூற்றில்தான் நிற்கின்றன. முதல் வகையைவிட இதுதான் எனக்கு அதிக வருத்தம் தருகிறது, ஏனென்றால் இதை எழுதுபவர் தன் உழைப்பிலிருந்து எதையும் சொல்லத் துணியவில்லை.

இரண்டுக்கும் நடுவில் ஒரு கூற்று இருக்கிறது: "முதல் விவரிப்பின் ஓவியங்களையும் 2022இல் வெளியான புகைப்படங்களையும் சேர்த்துப் பார்த்தால், கல்லமேட்டுப் படிவம் கல்மரம் என்ற ஐயத்தைத் தொடர்வது கடினம். ஆனால் அதன் அளவைப் பற்றிய முடிவுகள் மறுபரிசோதனைக்கு வாய்ப்பற்ற அளவீடுகளையே நம்பி நிற்கின்றன." இதில் இரண்டு பாதிகள் உள்ளன. இரண்டையும் ஒருவர் மறுக்கலாம். இரண்டையும் பொதுவில் கிடைக்கும் கட்டுரைகளையும் படங்களையும் வைத்து ஒரு மாணவர் தாங்கிப் பிடிக்கலாம். "ஆனால்" என்ற சொல்லுக்குப் பின்னால் இருக்கும் பாதி, எழுதியவர் தன் சான்றின் எல்லையை அறிந்தவர் என்று காட்டுகிறது. தேர்வாளர் கேட்கப்போகும் கேள்வியை அவரே முந்திக் கேட்டுவிட்டார்.

சான்றைத் தாண்டிக் கூற்று ஓடினால் என்ன ஆகும் என்பதை இதே வட்டாரம் 2020இலும் பார்த்தது. குன்னம் பக்கம் மண் எடுத்த இடத்தில் பெரிய உருண்டைக் கற்கள் கிடைத்தன, டைனோசர் முட்டைகள் என்று படங்கள் பரவின. மக்கள் அப்படி நினைத்ததில் தவறில்லை. 2009இல் செந்துறைப் பக்கம் டைனோசர் முட்டைப் படிவங்களைக் கண்டதாக சேலம் பெரியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அறிவித்திருந்தார்கள். ஆனால் குன்னத்துக் கற்களை நிலவியலாளர்கள் பார்த்தபோது, அவை அம்மோனைட் என்ற கடல்வாழ் உயிரியைச் சார்ந்து உருவான படிவுகள் என்றார்கள். அங்கே யாரும் கேட்காமல் விட்ட கேள்வி எளியது: முட்டை என்றால் ஓடு எங்கே?

மற்ற துறைகளுக்குச் சுருக்கமாக

வரலாற்று மாணவருக்கு: 1956 நவம்பர் 23 அன்று அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலத்தில் நடந்த ரயில் விபத்துக்குப் பொறுப்பேற்று ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார் என்பது எல்லோரும் எழுதுவது. சில மாதங்கள் முன்பு மகபூப்நகர் விபத்தின்போதே அவர் விலக முன்வந்தார், பிரதமர் நேரு அதை ஏற்கவில்லை. அப்படியானால் இரண்டாவது முறை ஏன் ஏற்கப்பட்டது? கேள்வி அங்கே இருக்கிறது. நாடாளுமன்ற விவாதப் பதிவுகளும் அந்த மாதங்களின் நாளிதழ்களும் சான்று. மையக் கூற்று சாஸ்திரியின் நேர்மையைப் புகழ்வதாக முடிந்துவிடாமல், அந்த இரண்டு விபத்துகளுக்கும் இடையில் எது மாறியது என்பதைச் சொல்ல வேண்டும்.

தமிழிலக்கிய மாணவருக்கு: கலிங்கத்துப்பரணியில் போர்க்களச் செய்தியைக் காளிக்குச் சொல்வது பேய். முதற்குலோத்துங்கனின் வெற்றியைப் பாட வந்த ஜெயங்கொண்டார் அதைப் பேயின் வாயில் வைத்தது ஏன், பேய்கள் கூழ் அடும் பகுதியின் நகைச்சுவை மன்னன் புகழுக்குத் துணை நிற்கிறதா, அதோடு முரண்படுகிறதா? ஒட்டக்கூத்தரின் தக்கயாகப்பரணியோடு இந்த ஒரு கூறை மட்டும் ஒப்பிட்டால் முதுகலைக் கட்டுரைக்குப் போதும். "அணிநலன், உவமைநலன், சொல்நலன்" என்று அதிகாரம் பிரிக்க வேண்டியதில்லை.

விலங்கியல் மாணவருக்குக் கரைவெட்டி இருக்கிறது. 1999இல் பறவைகள் சரணாலயமாகி, 2024 ஜனவரியில் ராம்சர் தளமான ஏரி. எத்தனை வகைப் பறவை வந்தது என்ற பட்டியலோடு நிற்காமல், ஏரியில் நீர் இறங்கும் தேதிக்கும் வரித்தலை வாத்துகள் கிளம்பும் தேதிக்கும் தொடர்பு உண்டா என்று கேட்டால் இரண்டு குளிர்காலக் கணக்கெடுப்பில் சொல்ல ஏதாவது கிடைக்கும்.

கூற்றைத் திரும்ப எழுதுதல்

ரெட்டிபாளையத்து மாணவியிடம் திரும்புவோம். கேள்வியை உறுதி செய்த அன்றே அவள் ஒரு மையக் கூற்றையும் எழுதிவிட வேண்டும். சான்று வருமுன் பதில் எழுதுவதா என்று கேட்கலாம். எழுதத்தான் வேண்டும், பென்சிலில். தான் என்ன எதிர்பார்க்கிறோம் என்று எழுதி வைக்காதவருக்கு, எதிர்பாராதது வரும்போது அது கண்ணில் படாது. அவளுடைய முதல் கூற்று: "சுரங்கப் பணியால் ரெட்டிபாளையம் பகுதிக் கிணறுகளின் நீர்மட்டம் சரிந்தது."

கள வேலையில் அவளுக்கு இப்படி ஒரு படம் கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். ஓடும் சுரங்கத்துக்கு அருகிலுள்ள கிணறுகளில் பெரும்பாலானவற்றை மற்ற ஊருக்குச் சில ஆண்டுகள் முன்னதாகவே ஆழப்படுத்தியிருக்கிறார்கள். ஆனால் 2016 வறட்சியில் இரண்டு ஊரும் ஒரே மாதிரி வற்றின. கைவிட்ட குழியின் பக்கம் மூன்று கிணறுகள் அந்த ஆண்டும் வற்றவில்லை. மூன்று கிணறுகளை என்ன செய்வது? "விதிவிலக்குகள்" என்று ஒரு வரியில் ஒதுக்கும் ஆசை வரும். வினாப்படிவத்திலிருந்து எடுத்துவிடச் சொல்லி ஆலோசனை சொல்லும் சீனியர்களும் இருப்பார்கள். அந்த மூன்று கிணறுகள்தான் கட்டுரையிலேயே மதிப்புமிக்க கண்டுபிடிப்பு. அவை எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில், எந்த ஆழத்தில் இருக்கின்றன என்று தனியே ஓர் அத்தியாயம் எழுதலாம்.

இப்போது கூற்று மாறுகிறது: "ரெட்டிபாளையம் பகுதியில் ஓடும் சுரங்கத்துக்கு அருகிலுள்ள திறந்தவெளிக் கிணறுகள், சுரங்கம் இல்லாத ஒப்பீட்டு ஊரின் கிணறுகளைவிட முன்னதாக ஆழப்படுத்தப்பட்டன. எனினும் கடும் வறட்சியில் இந்த வேறுபாடு மறைகிறது, கைவிடப்பட்ட குழிகளை ஒட்டிய கிணறுகளில் எதிர்த்திசையில் அமைகிறது. ஆகவே சுரங்கத்தின் விளைவை அதன் அருகாமையைக் கொண்டு மட்டும் சொல்ல முடியாது, குழியின் நிலையைக் கொண்டும் சொல்ல வேண்டும்."

தன் ஊருக்காக வாதாட வந்த மாணவி இதில் தோற்றுவிட்டதாக நினைக்க வேண்டியதில்லை. "சுரங்கம் தண்ணீரைக் கொண்டுபோய்விட்டது" என்று மனுக் கொடுத்தால் மழைக் குறைவு என்று ஒரு வரியில் பதில் வரும். எந்தக் குழியின் பக்கம், எந்த ஆண்டில், எத்தனை கிணறுகள் என்று சொல்லும் கட்டுரைக்கு அப்படிப் பதில் சொல்ல முடியாது. சுரங்க நிறுவனங்களின் பங்களிப்பில் நடக்கும் மாவட்ட கனிம அறக்கட்டளை நிதி, 2015 சட்டத் திருத்தத்தின்படி பாதிக்கப்பட்ட பகுதிகளுக்குச் செலவிடப்பட வேண்டியது. எந்தப் பகுதி, எந்த அளவுக்கு என்று கேட்கும் இடத்தில் இத்தகைய ஒரு கட்டுரைக்கு வேலை இருக்கிறது.

நெறியாளரைப் பார்க்கப் போகும்போது ஒரே ஒரு தாள் கொண்டுபோங்கள். மேலே கேள்வி. அதன் கீழே பென்சிலில் எழுதிய கூற்று. அதற்கு எதிராக ஒருவர் சொல்லக்கூடிய மிக வலுவான பதில். பிறகு, கையில் ஏற்கெனவே கிடைத்துவிட்ட சான்றுகள் எவை, இன்னும் கிடைக்க வேண்டியவை எவை, அவை யாரிடம் இருக்கின்றன என்று நான்கைந்து வரிகள். தலைப்பு என்று போடும் இடத்தை இப்போதைக்கு வெறுமையாக விட்டுவிடலாம். கடைசி அத்தியாயம் எழுதி முடித்த வாரத்தில் அதை நிரப்பினால் போதும்.